பூட்டிய கதவுக்கு அப்பால் யார்?

ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தால், "என்ன வேணும்?" என்று கேட்டு, உள்ளே போய் எடுத்து வந்து வைப்பவரைச் சர்வர் என்கிறோம். கணிப்பொறி உலகிலும் சர்வருக்கு ஏறத்தாழ இதே வேலைதான். நீங்கள் பொதுத்தேர்வு முடிவைக் கேட்கிறீர்கள். எங்கோ ஓர் அறையில் இருக்கும் கணிப்பொறி அதை எடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்புகிறது. அனுப்புகிற கணிப்பொறி சர்வர். கேட்டு வாங்கித் திரையில் காட்டுகிற குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற நிரல் பிரௌசர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓட்டல் சர்வரின் முகத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். கணிப்பொறிச் சர்வரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்தச் சிறு வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள நான் இரண்டு முறை மாணவர்களிடம் தலைகுனிய வேண்டியிருந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

தாம்பரத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் கற்பிக்கிறேன். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பழைய கணிப்பொறியில் லினக்ஸை ஏற்றி, எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு சிறு சர்வர் அமைத்தேன். ஊசல், நிறமாலைமானி முதலிய சோதனைகளின் அளவீடுகளை மாணவர்கள் அதில் பதிவு செய்யலாம். தங்கள் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் பார்க்கலாம். மதிப்பெண்ணை ஏற்றும் உரிமை என் பாஸ்வேர்டுக்கு மட்டும் உண்டு. எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வாரம் கழித்து இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என் மேசை அருகே வந்தான். "சார், உங்க பாஸ்வேர்டுல ஐன்ஸ்டீன் பிறந்த வருஷம் வருதுல்ல?" என்றான்.

வருகிறது. 1879. நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் எதையும் உடைக்கவில்லை. ஆய்வுக்கூட வைஃபையின் பாஸ்வேர்டு கரும்பலகையிலேயே எழுதியிருந்தது. அதே வைஃபையில் இருந்துகொண்டு, வயர்ஷார்க் என்ற இலவச நிரலால் காற்றில் போகிற செய்திகளைப் பார்த்திருக்கிறான். நான் தட்டச்சு செய்த பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக அப்படியே போயிருக்கிறது. (பிறருடைய செய்திகளை அனுமதியின்றி இப்படிப் பார்ப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்படி உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். அவனுக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் அன்று குரல் அவ்வளவு உறுதியாக வரவில்லை.)

ரயிலில் போகும் தபால் அட்டை

இணையத்தில் ஒரு செய்தி நேராகப் போவதில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையத்துக்குப் போகும் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை, கிண்டி, மாம்பலம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்றுதான் போகிறது. செய்தியும் அப்படியே ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குக் கைமாறிப் போகிறது. சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையில் கடலுக்குள் இறங்கும் கண்ணாடி இழை வடத்திலும் பயணம் செய்யும். 2002 முதல் இயங்கும் ஐ2ஐ என்ற வடம் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமானது. வழியில் எந்த நிலையத்தில் எவர் நின்றாலும், செய்தி தபால் அட்டையாக இருந்தால் படித்துவிடலாம்.

ஆகவே உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அதாவது, செய்தியை மறைகுறியாக மாற்றி அனுப்ப வேண்டும். மறைகுறி பழைய கலைதான். ஆனால் எல்லாப் பழைய முறைகளிலும் ஒரு தொல்லை இருந்தது. அனுப்புபவர், பெறுபவர் இருவரிடமும் ஒரே இரகசியச் சாவி முன்கூட்டியே இருக்க வேண்டும். நீங்கள் இதுவரை பார்த்தேயிராத ஒரு சர்வருடன் சாவியை எப்படிப் பகிர்வீர்கள்? சாவியை அனுப்பினால், அதையும் வழியில் உள்ளவர் பார்த்துவிடுவாரே!

1976ஆம் ஆண்டு விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றிய மால்கம் வில்லியம்சன் அதற்குச் சற்று முன்பே இதைக் கண்டிருந்தார் என்பது 1997இல்தான் வெளியே தெரிந்தது. கண்டுபிடிப்பு பெரிது, கணக்கு சிறிது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே செய்து பார்த்துவிடலாம்.

நீங்கள் தாம்பரத்தில், உங்கள் தோழி கடற்கரையில். இரண்டு எண்களை எல்லோருக்கும் கேட்கும்படி முடிவு செய்கிறீர்கள்: 17 என்ற பகா எண்ணும் 3 என்ற எண்ணும். இனி நீங்கள் மனத்துக்குள் 7 என்று வைத்துக்கொள்கிறீர்கள். தோழி தன் மனத்துக்குள் 6 என்று வைத்துக்கொள்கிறாள். இவற்றை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

நீங்கள் 3ஐ ஏழு முறை பெருக்குங்கள். 2,187 வரும். அதை 17ஆல் வகுத்தால் மீதி 11. இந்த 11ஐத் தோழிக்கு அனுப்புங்கள். அவள் 3ஐ ஆறு முறை பெருக்குகிறாள். 729. பதினேழால் வகுத்தால் மீதி 15. அதை உங்களுக்கு அனுப்புகிறாள்.

இப்போது நீங்கள் வந்த 15ஐ ஏழு முறை பெருக்கி, 17ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். பெரிய எண்ணாக வளர விடாமல், ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 15 பெருக்கல் 15, 225, மீதி 4. இப்படியே போனால் கடைசியில் 8 வரும். தோழி 11ஐ ஆறு முறை பெருக்குகிறாள். 11 பெருக்கல் 11, 121, மீதி 2. அந்த 2ஐ மூன்று முறை பெருக்கினால் 8. இருவருக்கும் ஒரே 8! அந்த 8 ரயிலில் போகவே இல்லை. கிண்டியில் நின்று ஒட்டுக்கேட்டவர் பார்த்தவை 17, 3, 11, 15 ஆகிய நான்கு எண்கள் மட்டுமே.

அவர் என்ன செய்வார்? 3இன் அடுக்குகளை 17ஆல் வகுத்த மீதிகளை வரிசையாக எழுதுவார்: 3, 9, 10, 13, 5, 15, 11... ஏழாவது இடத்தில் 11 கிடைத்துவிட்டது. ஆகவே உங்கள் இரகசியம் 7. பதினாறே வரிகள் கொண்ட பட்டியல், இரண்டு நிமிட வேலை. ஆனால் 17க்குப் பதில் 617 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்ணை (கணிப்பொறிக்காரர்கள் கணக்கில் 2,048 பிட்) எடுத்துக்கொண்டால், அந்தப் பட்டியலை எழுதி முடிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது. பட்டியலைச் சுருக்கும் தந்திரங்கள் உண்டு. அவையும் இந்த அளவுக்கு முன் இன்றுவரை தோற்றே நிற்கின்றன. அடுக்கேற்றுவது எளிது, அடுக்கைத் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம். பூட்டு முழுவதும் இந்த ஒருவழிச் சிரமத்தின் மேல்தான் நிற்கிறது.

கிண்டியில் நிற்பவர் சும்மா இருப்பாரா?

இதையெல்லாம் படித்துவிட்டு, மறுவாரமே என் சர்வரில் மறைகுறி இணைப்பை ஏற்படுத்தினேன். டிஎல்எஸ் என்று அதற்குப் பெயர். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபி என்பதற்குப் பின் ஓர் 'எஸ்' சேர்ந்திருந்தால் இந்த இணைப்பு என்று பொருள். வயர்ஷார்க்கில் பார்த்தேன். புரியாத எழுத்துக் குவியல்தான் தெரிந்தது. வெற்றி!

ஆனால் மாணவர்கள் பக்கத்தைத் திறந்தால், "இந்த இணைப்பு நம்பத்தக்கது அன்று" என்ற பொருளில் பிரௌசர் பெரிய எச்சரிக்கை ஒன்றைக் காட்டியது. காரணம் எனக்குத் தெரியும். சர்வர் தன்னை இன்னார் என்று காட்டும் சான்றிதழ் ஒன்றை வைத்திருக்க வேண்டும். நான் அதை யாரிடமும் வாங்காமல் நானே தயாரித்து, நானே கையெழுத்திட்டிருந்தேன். 'நம் ஆய்வுக்கூடம்தானே' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன்: "எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம். அதைத் தாண்டி உள்ளே செல்லவும்."

என் ஆசிரிய வாழ்க்கையில் நான் கரும்பலகையில் எழுதிய மிக மோசமான வாக்கியம் அதுதான்.

அதே மாணவன் வந்தான். "சார், இன்னொண்ணு காட்டட்டுமா?" இம்முறை முன்கூட்டியே அனுமதி கேட்டான்; நானும் கொடுத்தேன். மறுநாள் ஆய்வு வகுப்பில் தன் மடிக்கணிப்பொறியை மாணவர்களின் கருவிகளுக்கும் என் சர்வருக்கும் நடுவே புகுத்திவிட்டான். பிள்ளைகள் வழக்கம்போல் முகவரியைத் திறந்தார்கள். எச்சரிக்கை வந்தது. வழக்கம்போல் தாண்டிச் சென்றார்கள். அன்று வந்திருந்த பதினெட்டுப் பேரின் பாஸ்வேர்டும் அவன் திரையில் வரிசையாக விழுந்தன. என்னுடையதும்தான், நானும் உள்ளே நுழைந்திருந்தேன். அன்று மாலையே அனைவரும் மாற்றிக்கொண்டோம்.

மறைகுறி உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ரயில் கணக்குக்குத் திரும்பினால் விளங்கும். கிண்டியில் நிற்பவர் ஒட்டுக்கேட்பதோடு நிற்காமல், நீங்கள் அனுப்பிய 11ஐத் தானே எடுத்துக்கொள்கிறார். தானும் ஓர் இரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, தோழியின் பெயரில் உங்களுக்கு ஓர் எண்ணை அனுப்புகிறார். உங்கள் பெயரில் தோழிக்கும் ஒன்றை அனுப்புகிறார். இப்போது உங்களுக்கும் அவருக்கும் ஓர் இரகசியச் சாவி. அவருக்கும் தோழிக்கும் இன்னொன்று. நீங்கள் அனுப்புவதை அவர் திறந்து படித்து, மறுபடி பூட்டித் தோழிக்கு அனுப்புவார். இரண்டு பூட்டும் உறுதியானவை. கதவுக்கு அப்பால் நிற்பவர்தான் வேறு ஆள். அந்த எச்சரிக்கை ஒன்றுதான் இதைச் சொல்ல முயன்றது. அதைத் தாண்டச் சொன்னது நான்.

தாசில்தாரின் முத்திரை

'நான்தான் நான்' என்று எப்படி மெய்ப்பிப்பது? வருமானச் சான்றிதழ் வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. நீங்களே எழுதிக் கையெழுத்திட்டால் செல்லாது; கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகம் முத்திரையிட வேண்டும். உங்களை அறியாதவரும் அந்த முத்திரையை அறிவார்.

இணையத்திலும் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் உள்ளன. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் மின்கையெழுத்துச் சான்றிதழ் வழங்க முதன்முதலில் உரிமம் பெற்ற நிறுவனம் சேஃப்ஸ்க்ரிப்ட். 2002இல் உரிமம் பெற்ற அது சென்னை நிறுவனமான சிஃபியின் கிளை. நம் தென்சென்னைப் பிள்ளைகள் தரமணி வழியாகப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

சர்வரின் சான்றிதழில் அதன் இணையப் பெயர், எல்லோருக்கும் தெரியலாம் என்ற பொதுச் சாவி, செல்லுபடியாகும் தேதிகள், வழங்கியவரின் மின்கையெழுத்து ஆகியவை இருக்கும். பொதுச் சாவிக்கு இணையான தனிச் சாவி சர்வரின் உள்ளே மட்டும் இருக்கும். அந்தத் தனிச் சாவியால் இடும் மின்கையெழுத்தை உலகில் எவரும் சரிபார்க்கலாம். வேறு எவரும் போட முடியாது. இணைப்பின் முதல் அறிமுகப் பேச்சில் (ஹேண்ட்ஷேக் என்பார்கள்) சர்வர் தன் 15ஐ வெறுமனே அனுப்புவதில்லை. அதற்கும் சேர்த்துக் கையெழுத்திட்டு அனுப்புகிறது. கிண்டிக்காரர் 15ஐ மாற்றினால் கையெழுத்து பொருந்தாது. அவ்வளவுதான், அவர் ஆட்டம் முடிந்தது.

வழங்கியவரின் கையெழுத்தை யார் உறுதி செய்வது? அவருக்கு மேல் ஒருவர், அவருக்கு மேல் ஒருவர் என்று போய், கடைசியில் வேர்ச் சான்றிதழ் ஒன்றில் முடியும். அத்தகைய வேர்கள் நூற்றுக்கு மேற்பட்டவை உங்கள் பிரௌசரிலோ கைபேசியிலோ வாங்கும்போதே இருக்கின்றன. உங்களைக் கேட்காமலே உங்கள் சார்பில் நம்புகின்றன! இங்கேதான் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கிறது. பொதுவாக, அந்த வேர்களில் எதன் கீழிருந்தும் எந்தப் பெயருக்கும் சான்றிதழ் வழங்கிவிட முடியும். தாம்பரம் தாசில்தார் தஞ்சாவூர்க்காரருக்கும் முத்திரையிடலாம் என்பது போல.

இது வெறும் கற்பனை அன்று. 2014 ஜூலை 2ஆம் தேதி, கூகுளின் இணையப் பெயர்கள் சிலவற்றுக்குக் கூகுளே அறியாமல் சான்றிதழ்கள் இருப்பது அந்நிறுவனத்துக்குத் தெரியவந்தது. வழங்கியது நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையம். அரசு இணையதளங்களைக் கட்டி நடத்தும் அமைப்பு அது. அதன் சான்றிதழுக்கு மேலே இருந்த வேர், சான்றளிப்பு அமைப்புகளின் இந்தியக் கட்டுப்பாட்டாளருடையது. அந்த வேரை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆகவே உலகெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகளில் பல நிரல்கள் அந்தச் சான்றிதழ்களை நம்பியிருக்கும். தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸில் அந்த வேர் இல்லை, அது தப்பித்தது.

கட்டுப்பாட்டாளர் மறுநாளே, ஜூலை 3 அன்று, மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். மையத்தின் வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவியிருக்கிறார்கள் என்றும், தவறாக வழங்கப்பட்டவை நான்கே என்றும் விசாரணையில் தெரிந்ததாக அறிவித்தார். மூன்று கூகுளின் பெயர்களுக்கு, ஒன்று யாகூவுக்கு. ஆனால் அந்த நான்கிற்கு மேலும் தவறான சான்றிதழ்கள் இருப்பதைத் தான் அறிந்திருப்பதாகக் கூகுள் எழுதியது. இனி அந்த வேரின் கீழ் வரும் சான்றிதழ்களை இந்திய அரசு, கல்வி நிலையங்கள் முதலிய குறிப்பிட்ட சில பெயர்களுக்கு மட்டுமே குரோம் ஏற்கும் என்றும் கட்டுப்படுத்தியது. தாசில்தாருக்குத் தாலுகா எல்லை வரைந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

நம் நாட்டு அமைப்பு என்பதால் மறைத்துப் பேசத் தேவையில்லை; வெளிநாட்டிலும் இது நடந்தது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்று ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. அதே ஆண்டில் நிறுவனம் திவாலானது. இவற்றின் பயனாக இன்று ஒரு நல்ல வழக்கம் வந்திருக்கிறது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட ஒவ்வொரு சான்றிதழும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறியிருக்க வேண்டும் என்று குரோம் விதித்தது. உங்கள் பள்ளியின் இணையப் பெயருக்கு யார் யார் எப்போது சான்றிதழ் வழங்கினார்கள் என்று நீங்களே தேடிப் பார்க்கலாம்.

திருகாணிகளை முடுக்குதல்

தலைகுனிந்தது போதும் என்று, அந்த மாணவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சர்வரை முறையாக அமைக்கத் தொடங்கினேன். என்ஜின்எக்ஸ் என்ற நிரலில் இதற்கான அமைப்புக் கோப்பு இருபது வரிகூட இராது. ஒவ்வொரு வரியும் ஒரு கதை.

எந்தப் பதிப்பு? 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்எஸ்எல் 2 என்ற முறையை வெளியிட்டது. மறு ஆண்டு எஸ்எஸ்எல் 3. அதுவே 1999இல் டிஎல்எஸ் 1.0 என்ற பெயரில் பொதுத் தரமாயிற்று. பிறகு 2006இல் 1.1, 2008இல் 1.2, 2018இல் 1.3. பழையவை ஒவ்வொன்றிலும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 1.0, 1.1 ஆகியவற்றைக் கைவிடும்படி 2021 மார்ச்சில் இணையத் தரக் குழுவே அறிவித்தது. 'இருந்துவிட்டுப் போகட்டுமே, பழைய கைபேசிக்காரருக்கு உதவுமே' என்று எனக்குத் தோன்றியது. அது தவறான இரக்கம். ஏன் என்பதற்கு 2015ஆம் ஆண்டில் வெளிவந்த லாக்ஜாம் என்ற கண்டுபிடிப்பே போதும்.

1990களில் அமெரிக்கா வலிமையான மறைகுறியைப் பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யத் தடை விதித்திருந்தது. 512 பிட், அதாவது 155 இலக்க எண் போன்ற பலவீனமான 'ஏற்றுமதித் தர' முறைகள் அதனால் பிறந்தன. 2000ஆம் ஆண்டில் தடை தளர்ந்தது. ஆனால் அந்தப் பழைய முறைகளைச் சர்வர்களிலிருந்து நீக்க நிறையப் பேர் மறந்தார்கள். நடுவில் நிற்பவர், அறிமுகப் பேச்சில் பிரௌசர் கேட்டதை மாற்றி, "எனக்கு ஏற்றுமதித் தரமே போதும்" என்று சர்வரிடம் சொல்லிவிடுவார். சர்வரும் சரி என்று சிறிய எண்ணை எடுக்கும். இன்னொரு கூத்து: பல்லாயிரம் சர்வர்கள் ஒரே பகா எண்ணைப் பயன்படுத்தின. மேலே 17க்கு நாம் எழுதிய பட்டியலை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை எழுதிவிட்டால், 17ஐப் பயன்படுத்தும் எல்லோருடைய இரகசியமும் அதிலேயே கிடைக்குமல்லவா? அதேபோல் ஆய்வாளர்கள் ஒரு 512 பிட் எண்ணுக்கு ஒரு வாரம் கணக்கிட்டு வைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வோர் உரையாடலையும் திறக்க ஒரு நிமிட அளவே பிடித்தது. பயன்படுத்தாத பின்கதவு என்று எதுவும் கிடையாது. திறந்திருந்தால் யாராவது பயன்படுத்துவார்கள்.

ஆகவே 1.2, 1.3 தவிர மற்றவற்றை அடைத்தேன். இந்த இரண்டையும் அறியாத கைபேசியை இன்று ரிச்சி தெருவில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. 1.2இலும் இணைப்புக்கு இணைப்பு புதிய இரகசிய எண் எடுக்கும் முறைகளை மட்டும் விட்டுவைத்தேன். இது ஏன் என்று மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. இன்று போகும் மறைகுறியை ஒருவர் அப்படியே சேமித்துவைத்து, ஐந்தாண்டு கழித்துச் சர்வரின் தனிச் சாவியைத் திருடினால்? பழைய முறையில் ஐந்தாண்டுச் செய்தியும் திறந்துகொள்ளும். உங்கள் 7ஐயும் தோழியின் 6ஐயும் பேசி முடித்ததும் அழித்துவிட்டால், திருடுவதற்கு ஒன்றும் இராது. 1.3இல் சான்றிதழோடு தொடங்கும் இணைப்புகளுக்கு இதுவே கட்டாயம். (குவாண்டம் கணிப்பொறி வளர்ந்தால் நம் அடுக்குக் கணக்கே எளிதாகிவிடும் என்று பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். அதற்கும் ஈடுகொடுக்கும் வேறு கணிதத்தில் அமைந்த ஒரு முறையை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்டது. பிரௌசர்கள் அதையும் பழைய முறையோடு சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. இயற்பியல் ஆசிரியனுக்கு இதைப் பற்றித் தனியாக எழுத ஆசை உண்டு. பிறகு பார்ப்போம்.)

சான்றிதழைக் காசில்லாமல் வாங்கினேன். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாக வழங்குகிறது. விசாரணை எளிது: 'இந்தப் பெயர் உன்னுடையது என்றால், நான் சொல்லும் சொல்லை அதன் கீழ் வைத்துக்காட்டு' என்று அதன் கணிப்பொறி கேட்கும், நம் கணிப்பொறி வைத்துக்காட்டும். ஒரு நிமிடத்தில் சான்றிதழ் கையில். இந்த எளிமைக்கு ஒரு பொருள் உண்டு; மோசடிக்காரனும் தன் பெயருக்கு இதே சான்றிதழை வாங்கலாம். சான்றிதழ் 'இது இன்ன பெயருடைய சர்வர்' என்று மட்டுமே சொல்கிறது. 'இவர் யோக்கியர்' என்று சொல்வதில்லை. பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் ஏமாந்ததால்தான் குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வேலை இன்னும் உங்களுடையதே.

இவ்வளவும் செய்தபின் என் மடிக்கணிப்பொறியில் பக்கம் அழகாகத் திறந்தது. மாணவர்களின் கைபேசிகள் சிலவற்றில் திறக்கவில்லை. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். என் சான்றிதழை மட்டும் வைத்து, அதற்கு மேலே கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழை வைக்க மறந்திருந்தேன். கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தில்லாத தாளைத் தாசில்தாரிடம் நீட்டியது போல. என் பிரௌசர் வேறெங்கோ பார்த்த அந்த இடைநிலைத் தாளை நினைவில் வைத்திருந்து சமாளித்தது, கைபேசிகள் சமாளிக்கவில்லை. எஸ்எஸ்எல் லேப்ஸ் என்ற இணையதளம் வெளியிலிருந்து எந்தச் சர்வரையும் சோதித்துப் பள்ளிக்கூட முறையில் தரம் போடும். எனக்குப் போட்டது 'பி'. மாணவனுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

தனிச் சாவி இருக்கும் கோப்பை நிர்வாகி தவிர யாரும் படிக்க முடியாதபடி உரிமைகளை மாற்றினேன். பென்டிரைவில் 'பத்திரமாக' எடுத்துவைத்திருந்த அதன் நகலை அழித்தேன்.

கடைசியாக ஒரு வரி. பூட்டில்லாத பழைய வாசலுக்கு, அதாவது 80ஆம் எண் வாசலுக்கு, வருபவர்களைப் பூட்டுள்ள 443ஆம் வாசலுக்குத் திருப்பிவிடலாம். ஆனால் முதல் அடி பூட்டில்லாத வாசலில்தானே படுகிறது? அங்கேயே நடுவில் ஒருவர் மடக்கலாம். அதற்காக எச்எஸ்டிஎஸ் என்ற அறிவிப்பு இருக்கிறது. "இன்னும் இத்தனை விநாடிகளுக்கு என்னிடம் பூட்டுள்ள வாசலில் மட்டும் வா" என்று சர்வர் ஒருமுறை சொல்லிவிட்டால் பிரௌசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தக் காலம் முடியும்வரை, சான்றிதழில் கோளாறு என்றால் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லவும் விடாது. இது திரும்பப் பெறக் கடினமான வாக்குறுதி. அதனால் முதலில் 300 விநாடி என்று வைத்து, ஒரு வாரம் எல்லாம் சரியாக ஓடியதைப் பார்த்தபின் 31,536,000 என்று மாற்றினேன். ஓர் ஆண்டு.

மறுசோதனையில் 'ஏ' தரத்துக்கும் மேலே ஒரு கூட்டல் குறி கிடைத்தது. வகுப்பில் சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த காலை. வகுப்புத் தொடங்குமுன் கைபேசி அடித்தது. அதே மாணவன்.

"சார், சர்வர் சான்றிதழ் நேத்தோட காலாவதி. பேட்ச்ல யாரும் ரீடிங் ஏத்த முடியல."

லெட்ஸ் என்க்ரிப்ட் எனக்கு அளித்த சான்றிதழ்கள் 90 நாட்களே செல்லும். (இனி எல்லா நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கும் ஆயுள் குறையப்போகிறது; 2029 மார்ச் முதல் 47 நாள் என்று உலக அளவில் முடிவாகியிருக்கிறது.) அதனால் தானாகப் புதுப்பிக்கும் நிரல் ஒன்றை வைத்திருந்தேன். அது புதுப்பிக்கவில்லையா?

"யாராவது எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க சார் தாண்டறது? இந்தத் தடவை அந்தப் பொத்தானே வரல."

ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நிரல் தன் வேலையைச் செய்திருந்தது. புதிய சான்றிதழ் மூன்று வாரமாக வட்டில் தயாராக இருந்தது. ஆனால் என்ஜின்எக்ஸ் தான் தொடங்கிய அன்று நினைவகத்தில் ஏற்றிய பழைய சான்றிதழையே எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்தது. புதியது வந்திருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளை ஒரே வரி. அதைத் தட்டினேன். பிறகு, புதுப்பித்த ஒவ்வொரு முறையும் அந்த வரியும் தானாக ஓடும்படி நிரலில் சேர்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பத்து நிமிடம் தாமதம்.